நுரைக்கு மதிப்பெண், பனைக்குப் பழி!

கடலுக்கும் காவிரியின் கிளையாறுகளுக்கும் இடையே கிடக்கும் சிறுநிலம் காரைக்கால். வடக்கே நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூரைக் கடந்தால் நாகூர், அதுவும் தமிழ்நாடே. 1739-இல் இந்நிலம் பிரஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1954 நவம்பர் முதல்நாள் அவர்தம் ஆட்சி நீங்கிற்று. 1962 ஆகத்து 16-இல் சட்டப்படியும் இணைப்பு நிறைவேறிற்று. ஆள வந்தவன் போய்விட்டான். அவன் போட்ட கோடு மட்டும் போகவில்லை. கோட்டுக்கு இருபுறமும் மொழி ஒன்று, ஆறு ஒன்று, மண் ஒன்று, மரமும் ஒன்று. ஆயினும், கோட்டுக்கு இப்பால் நிற்கும் மரத்தில் வடிவது அரசின் இசைவோடு கடையில் விற்கப்படும் கள். கோட்டுக்கு அப்பால் நிற்கும் மரத்தில் வடியும் அதே கள், 1987 சனவரி முதல்நாளிலிருந்து குற்றப்பொருள்!

இக்கோட்டின் இழிவு ஒருபுறம் இருக்க, அண்மை ஆண்டுகளில் இன்னொரு கோடும் கிழிக்கப்பட்டுள்ளது. அது நிலத்தில் கிழித்த கோடன்று. நாவில் கிழித்த கோடு. 'பீர்' என்று அயற்பெயரால் வழங்கும் கூலக்கள்ளைச் சிறு அளவில் தாமே வடித்து, அவ்விடத்திலேயே விற்கும் வடிப்பகங்கள் இந்தியாவிலும் பெருகிவிட்டன. புனேயிலும் பெங்களூரிலும் பரவிய இப்புதுப்போக்கு புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது. அங்குத் தொடங்கப்பெற்ற வடிப்பகம் ஒன்றன் பெயர் 'கேட்டமரான்'. இஃது எந்நாட்டுச் சொல் என்று வியப்பார் வியக்கட்டும். காரைக்கால்மேட்டு மீனவன் காலங்காலமாகக் கடலில் தள்ளிய கட்டுமரந்தான் அது! மேலையர் வாயில் சிதைந்து, உலகைச் சுற்றி, அயலுடை பூண்டு, பிறந்த கரைக்கே பெயர்ப்பலகையாய்த் திரும்பி வந்திருக்கின்றது. வந்ததைக் கட்டுமரம் என்று திருப்பி எழுதத் தமிழன் கைக்குத் துணிவு வரவில்லை.

இத்தகைய வடிப்பகங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பலகையில் நாலைந்து சிறு குவளைகளை வரிசையாக வைப்பர். ஒன்று பொன்னிறம், ஒன்று செம்பழுப்பு, ஒன்று கலங்கல் வெண்மை, ஒன்று காப்பிக் கருமை. ஒவ்வொன்றையும் ஒளியில் உயர்த்தி நிறம் பார்ப்பர், நுரை எவ்வளவு பொழுது நிற்கின்றது என்று நோக்குவர், முகர்வர், ஒரு வாய் பருகி நாவிற் புரட்டுவர், பிறகு மதிப்பெண் இடுவர். இதில் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு பொருளை விழுங்குவதற்கும் அறிவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆயின் அம்மேசையைச் சூழ்ந்திருப்பார் தமிழரேயாயினும், கைப்பென்றும் துவர்ப்பென்றும் அவர் சொல்வதில்லை. தன் நாவால் சுவைத்ததைத் தமிழன் பிறன் நாவால் கூறுகின்றான். வெளியே வந்து, கள்ளுக்கடையைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகின்றான்!

குடி நல்லதா தீயதா என்பது ஈண்டு வழக்கன்று. அதற்குத் தீர்ப்பு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூறப்பட்டுவிட்டது. திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதற்கு மேல்முறையீடு இல்லை. உண்ணாதவன் உயர்ந்தவன், அவனுக்கு எந்தக் குவளையும் வேண்டா. ஆயின் அத்தீர்ப்பு கள்ளுக்கு மட்டும் உரியதன்று. கண்ணாடிக் குவளையில் நுரைப்பதற்கும் உரியதே. வள்ளுவத்தைப் பனங்கள்ளுக்கு மட்டும் ஓதிவிட்டு, அயற்பெயர்க் குடிப்புக்கு அழைப்பிதழ் அச்சிடுவது அறமன்று, அடிமைத்தனம். இரண்டும் விற்கப்படும் நாட்டில், ஒன்றற்கு மட்டும் மதிப்பும் ஒன்றற்கு மட்டும் பழியும் ஏன் என்பதே வினா.

மேலையர் தம் குடிப்புக்கு மதிப்புத் தேடியது எங்ஙனம்? வரலாறு தெளிவாகவே உள்ளது. 1516-இல் செருமனியின் பவேரிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. வாற்கோதுமை, 'ஆப்சு' என்னும் கொடியின் கைப்புப் பூ, தண்ணீர் ஆகிய இம்மூன்றன்றி வேறொன்றும் அக்குடிப்பிற் கலத்தலாகாது என்பதே அவ்வாணை. நொதிக்கச் செய்யும் நுண்ணுயிரைப் பற்றி அவ்வாணை ஒன்றும் கூறவில்லை. அஃது அன்று எவர்க்கும் தெரியாது. அந்நுண்ணுயிரின் செயலை ஆராய்ந்து 1876-இல் தனிநூலே எழுதியவர் பிரஞ்சு அறிவியலார் பாசுட்டர். காரைக்காலை அன்று ஆண்ட அந்நாட்டின் தலைசிறந்த அறிஞர், கூலக்கள்ளைப் பற்றி நூலெழுதுவதை இழிவெனக் கருதவில்லை.

அதன்பின் நடந்தது சொற்பணி. 1977-இல் மைக்கேல் சாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர், உலகின் பல நாட்டு வடிப்புகளையும் வகைபிரித்து ஒரு நூலில் தொகுத்தார். அதுவரை உழவன் குடிப்பாகவும் ஆலைத்தொழிலாளி குடிப்பாகவும் எண்ணப்பட்டது, அதன்பின் ஆய்வுக்குரிய பொருளாயிற்று. அவர் புகழ்ந்தவற்றுள் இலங்கையில் வடிக்கப்படும் கரும்பீரும் ஒன்று. 1979-இல் மெயில்கார்டு என்னும் வேதியியலாரும் அவர்தம் கூட்டாளிகளும் 120-க்கும் மேற்பட்ட சுவை, மணச் சொற்களை வரையறுத்து ஓர் ஆழி வடிவில் அமைத்தனர். நாடு வேறு, ஆலை வேறு ஆயினும் ஒரே சுவையை எல்லாரும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1985-இல் அமெரிக்காவில் நடுவர்க்குத் தேர்வு வைத்துச் சான்று வழங்கும் அமைப்பு தோன்றிற்று. அதன் மதிப்பீட்டுத் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்: மணத்திற்கு 12, தோற்றத்திற்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, முழுமைக்கு 10. தோற்றத்திற்கு மூன்றே என்பதைக் கருதுக. கண்ணை மயக்குவதற்கு அவர் மதிப்புத் தரவில்லை, நாவுக்கே தந்தனர்.

இவற்றுள் எதுவும் மேலையர் பிறவியிற் பெற்றதன்று. வடிப்பவன் வாயிலிருந்த சொல்லை எடுத்தனர், வரையறுத்தனர், அச்சிட்டனர், உலகுக்கு அனுப்பினர். சொல் சென்ற இடமெல்லாம் பொருளும் சென்றது. பொருள் சென்ற இடமெல்லாம் விலையும் சென்றது. தரம் என்பது பொருளில் இருக்கின்றது. ஆனால் தரத்தைக் காட்டுவது சொல்லே. சொல்லை இழந்தவன் பொருளை வைத்துக்கொண்டும் ஏழையாகின்றான்.

தமிழனிடம் அச்சொற்கள் இல்லையா? இல்லையென்பார் கழக இலக்கியத்தைத் திறந்து பார்க்கட்டும். காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடிக்கும் அப்பால் உள்ளது காவிரிப்பூம்பட்டினம். அந்நகரைப் பட்டினப்பாலையில் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அவரே பெரும்பாணாற்றுப்படையும் பாடினார். காஞ்சிக்குச் செல்லும் வழியில் வலைஞர் குடியிருப்பைக் காட்டும்போது, அவர் வீட்டில் கள் சமைத்த முறையை அப்பாட்டு ஒரு செய்முறைக் குறிப்புப் போலவே விரிக்கின்றது. நச்சினார்க்கினியர் உரைவழி அதன் கருத்து இது: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குக, அகன்ற வாயையுடைய பிழாவில் ஊற்றி ஆறவிடுக, புற்றாஞ்சோறு போலப் புறம் பூத்த நல்ல முளையை இடித்து அதனொடு கலக்குக, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிக, வலிய வாயையுடைய சாடியில் முற்ற விளைந்தபின் விரலால் அலைத்துப் பிழிக.

இதில் உள்ள அறிவியலை நோக்குக. அரிசியின் மாப்பொருள் தானாகக் கள்ளாகாது. முதலில் அது வெல்லமாக மாறவேண்டும். அம்மாற்றத்தைச் செய்வது முளை. வாற்கோதுமையை முளைகட்டி, உலர்த்தி, இடித்து, வெந்நீரிற் கலந்து மேலையர் செய்வதும் அதுவே. கூழை ஆற்றாமற் சேர்த்தால் சூட்டில் முளையின் திறன் கெடும், ஆகவே ஆற்றினர். கூலக்கள் வடிப்பின் உயிர்நாடி இவ்விரண்டு படிகளே. வலைஞன் தன் வீட்டுச் சாடியில் அதைச் செய்தான். இன்று வடிப்பகத்தில் பளபளக்கும் செப்புக்கலனும் எஃகுக்கலனும் அச்சாடியின் பெயரர்களே!

அதே பாட்டில், வீட்டில் அட்டுப் பருகிய நெற்கள்ளுக்குத் தோப்பி என்று பெயர். வாற்கோதுமைக் கள்ளையும் கூலக்கள் இனத்தில் அடக்கித் தோப்பி எனலாம். 'பீர்' என்னும் ஒலிக்கு அஞ்சி நிற்க வேண்டிய தேவையே இல்லை.

ஏனைய சொற்களும் வெறும் பெயர்களல்ல, வகைப்பாடுகள். கள் என்பது பொதுப்பெயர். தெளிந்தது தேறல்; அரித்து வடித்தது அரியல்; பிழிந்து எடுத்தது பிழி; நறுமணத்தாற் பெயர்பெற்றது நறவு; உண்டார்க்கு விளைவிப்பதாற் பெயர்பெற்றது மகிழ். நெல்லிற் பிறந்தது தோப்பி. மூங்கிற் குழாயில் இட்டு விளையவைத்த தேறலை மலைபடுகடாம் காட்டுகின்றது. நாட்பட்ட தேறலின் வீறு தேள்கொட்டுங் கடுப்புக்கு ஒப்பிடப்பட்டது புறநானூற்றில். பாம்பின் சீற்றத்துக்கு ஒப்பிடப்பட்டது சிறுபாணாற்றுப்படையில். செய்முறையால் ஒன்று, தெளிவால் ஒன்று, மணத்தால் ஒன்று, முதிர்வால் ஒன்று என வேறுபடுத்திப் பெயரிட்ட மொழி, சுவையறியா மொழியாக இருந்திருக்க முடியுமா? கைப்பு, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கார்ப்பு என ஆறு சுவையைச் சிறுபிள்ளையும் எண்ணிக்காட்டும் மொழிக்கு, ஒரு குவளைத் தோப்பியைச் சுவைத்துச் சொல்ல ஆங்கிலத் துணை எதற்கு?

ஏட்டில் மட்டும் இருந்து அழிந்த அறிவும் அன்று இது. காரைக்காலில் மரமேறுவோன் இன்றும் அதைத் தன் உடம்பில் சுமக்கின்றான். பனை கோடையில் சுரக்கும். தென்னை ஆண்டு முழுதும் சுரக்கும். காலையும் மாலையும் அவன் ஏறவேண்டும். பாளையின் நுனியை ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவலாகச் சீவவேண்டும். தடிப்பாகச் சீவினால் பாளை விரைவில் தீரும். சீவாமல் விட்டால் கண் அடைபட்டுச் சுரப்பு நிற்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது பதநீர். தடவாவிடில் மரத்திலேயே நொதிக்கத் தொடங்கிக் கள்ளாகும். காலையில் இறக்கிய இளங்கள்ளில் இனிப்பு மிகும். பொழுதேற ஏற இனிப்புக் குறைந்து புளிப்பும் கடுப்பும் ஏறும். மறுநாள் அது காடியை நோக்கிச் செல்லும். பதநீரில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு வெல்லம் இருக்கும். அது நொதித்த கள்ளில் வெறியம் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை. வடிப்பகத்துப் பீரிலும் பெரும்பாலும் அதே அளவுதான். வீறு ஒன்று, வேறுபாடு எங்கே? கூலியில், பெயரில், மதிப்பில்!

ஆண்பனைக் கள்ளுக்கும் பெண்பனைக் கள்ளுக்கும் உள்ள வேறுபாட்டை அவன் நாவறியும். ஒற்றை மரத்துக் கள்ளுக்கும் பல மரங்களின் கலவைக் கள்ளுக்கும் உள்ள வேறுபாட்டை முகர்ந்தே சொல்வான். பழங்கலயம் சரியாகக் கழுவப்படாவிடில் எழும் நாற்றத்தை அவன் அறிவான்; தண்ணீர் சேர்த்ததை அறிவான்; செயற்கை இனிப்புச் சேர்த்ததையும் நா அடியில் நிற்கும் பொய்யினிப்பால் அறிவான். அமெரிக்க நடுவன் தேர்வெழுதிப் பெறும் அறிவுக்கு இவ்வறிவு எவ்வகையிற் குறைந்தது? அவனுக்கு மதிப்பீட்டுத் தாள் இருக்கின்றது, இவனுக்கு இல்லை. அவனுக்குச் சான்றிதழ் இருக்கின்றது. இவனுக்குச் சாதிப்பெயர் இருக்கின்றது. மரமேறும் தொழிலைப் பிறப்போடு பிணைத்து, அப்பிறப்பை இழிவோடு பிணைத்து, அவ்விழிவைக் கள்ளின்மேல் ஏற்றியவர் தமிழரே. அயலான் இதைச் செய்யவில்லை. இப்பழியைத் தமிழ்க்குமுகாயம் தானே துடைத்தாக வேண்டும்.

விளைவு என்ன? காரைக்காலில் கள்ளுக்கடை உரிமையைப் புதுவை அரசின் ஆயத்தீர்வைத் துறை ஏலத்தில் விடுகின்றது. ஏலம் எடுத்தவன் தான் கட்டிய தொகையை மீட்க வேண்டும். அவனுக்கு வேண்டுவது அளவு. நல்ல கள்ளுக்கும் கெட்ட கள்ளுக்கும் ஒரே விலை என்றால், கருத்தோடு பாளை சீவுபவனுக்கு என்ன பயன்? தரத்திற்கு விலையில்லாத இடத்தில் கலப்படத்திற்கே ஊதியம். தூயகள் வடிப்பவன் தோற்கின்றான். தண்ணீர் கலப்பவன் வெல்கின்றான். பின்னர் அக்கலப்படத்தையே காட்டிக் கள் கெட்டது என்கின்றனர். முதலில் சொல்லைக் கொன்று, அதன்பின் பொருளைக் கொன்று, இறுதியில் பொருளின்மேலேயே பழியும் போடுவது இவ்வாறுதான்.

கோட்டுக்கு அப்பால் நிலைமை இன்னும் கொடிது. பனையைத் தன் மரமாக அறிவித்துக்கொண்ட தமிழ்நாட்டரசு, பனையேறி இறக்கும் கள்ளைத் தடுத்துள்ளது. அதே அரசு 2003 முதல் தன் கடைகளில் தானே பிராந்தியும் விசுக்கியும் விற்கின்றது. அவற்றின் வெறியம் நூற்றுக்கு 42.8. ஐந்து குற்றம், நாற்பத்திரண்டு வணிகம்! ஐந்து மரத்திலிருந்து வருவது, உழவனுக்குக் காசாவது. நாற்பத்திரண்டு ஆலையிலிருந்து வருவது, முதலாளிக்குக் காசாவது. இந்தக் கணக்கைச் சிறுவனும் போட்டுவிடுவான். 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அவர்களைக் கொன்றது கள்ளன்று. மெத்தனால் என்னும் வேதிநஞ்சு. அந்நஞ்சை நா கண்டறியாது, ஆய்வகமே அறியும். ஆயினும் கள், சாராயம், நஞ்சு என்னும் மூன்றையும் ஒரே வசையால் அழைக்கும் நாட்டில், எதைத் தடுப்பது, எதை ஆய்வது, எதைக் காப்பது என்னும் தெளிவு எங்ஙனம் பிறக்கும்? சொற்குழப்பம் இங்கே உயிர்க்கேடு.

சிலர் வினவக்கூடும்: தமிழ் காக்கப்பட வேண்டிய இடங்கள் பலவிருக்க, குடிக்கடையிலா அதைக் காப்பது? கோயிலில் தமிழில்லை, வழக்குமன்றத்தில் தமிழில்லை, கல்லூரியில் தமிழில்லை. அவற்றை விட்டுவிடுவதா என்பர். விடச் சொல்வார் எவருமிலர். ஆயின் மொழி மேடையில் மட்டும் வாழ்வதன்று, நாவில் வாழ்வது. உண்பதையும் பருகுவதையும் தன் சொல்லால் குறிக்க நாணுகின்ற மக்கள், வழக்கையும் வழிபாட்டையும் தன் சொல்லால் நடத்தத் துணியார். அடிமைத்தனம் நாவின் நுனியில் தொடங்குகின்றது. விடுதலையும் அங்கேயே தொடங்க வேண்டும்.

கள் தூய்மையற்றது, ஆகவே தரப்படுத்த இயலாது என்பார் வேறு சிலர். நுண்ணுயிர் இன்னதென்று அறியப்படும்வரை மேலையர் வடிப்பும் அடிக்கடி கெட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைத் தடைசெய்யவில்லை, ஆய்ந்தனர், திருத்தினர். யாழ்ப்பாணத்தில் பனைதென்னைக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைப் புட்டியில் அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்துள்ளன. அங்கு முடிந்தது அரசலாற்றங்கரையில் முடியாதா?

செய்யவேண்டியவை தெளிவானவை. முதலாவது, காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஆறு பகுதிகளிலும் மரமேறுவோர் வாயிலுள்ள தொழிற்சொற்களைத் தொகுத்தல். கருவிப் பெயர், மரத்தின் வகைப்பெயர், சுவைப்பெயர், கெடுநாற்றப் பெயர் என ஒன்றும் விடாது எழுதுதல் வேண்டும். முதியோர் மறைந்தால் அகரமுதலி ஒன்று மறைந்ததாகும்.

இரண்டாவது, தமிழில் ஒரு மதிப்பீட்டுத் தாள் ஆக்குதல். அதற்கு 50 மதிப்பெண் எனக் கொண்டால் நிறமும் தெளிவும் 5, நுரை 5, மணம் 10, சுவை 15, நாவுணர்வு 5, முடிசுவை 5, தூய்மை 5 எனப் பகுக்கலாம். கள்ளுக்கும் தோப்பிக்கும் இத்தாள் ஒன்றே பொருந்தும். அயலார் பட்டியலில் தூய்மைக்குத் தனிமதிப்பெண் இல்லை. தமிழர் பட்டியலில் அஃது இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கள்ளுக்கடையில் மதிப்பெண்ணுக்கு ஏற்ப மரமேறுவோனுக்குக் கூலி உயர வேண்டும். ஏலத்தொகை ஒன்றே அளவுகோலாதல் ஒழிய வேண்டும். நான்காவது, புதுவை மண்ணில் வடிக்கப்படும் எந்தக் குடிப்பும் தன் பெயரையும் வகையையும் உள்ளீட்டையும் தமிழில் எழுதியே விற்கப்படல் வேண்டும். கேட்டமரான் கட்டுமரமாகக் கரையேறட்டும்!

குடிக்காதவன் குடிக்காமலே இருக்கட்டும், அதுவே சிறப்பு. ஆயின் அவனும் ஒன்றை மறவாதிருக்கட்டும். தமிழகத்தில் ஒரு வலைஞன் முளையிடித்து, கூழாற்றி, ஈரிரவு காத்து வடித்தபோது அவன் தன் தொழிலுக்குத் தன் சொல்லையே வைத்திருந்தான். அச்சொல்லைக் காத்த ஏடு இன்றும் இருக்கின்றது. அத்தொழிலைக் காத்த கை இன்றும் பாளை சீவுகின்றது. இரண்டையும் இணைக்க வேண்டிய நாவே இன்று அயலானிடம் அடகு கிடக்கின்றது. அடகை மீட்பது தமிழர் கடன்.